கடைசிப் புள்ளி

கொடைக்கானலில், மலையின் விளிம்பை ஒட்டிக் கோக்கர்ஸ் நடைபாதை என்று ஒன்று உண்டு. 1872ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அங்கே ஒரு நாள் பிற்பகலில் பருந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிறகை ஒருமுறைகூட அசைக்காமல் வட்டமிட்டு வட்டமிட்டு மேலே ஏறியது. அப்போது பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து வந்து அதை விழுங்கிவிட்டது. “எங்கே போயிற்று?” என்று அருகில் நின்ற சிறுவன் கேட்டான். என்னிடம் விடை இல்லை.

அந்தப் பருந்தின் வித்தையைக் கற்றுக்கொண்டதே கிளைடர் என்னும் இயந்திரமற்ற விமானம். வெயிலால் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றும், மலைச்சரிவில் மோதி மேல்நோக்கித் திரும்பும் காற்றுமே அதற்கு எரிபொருள். காற்று கைவிட்டால் கிடைத்த இடத்தில் இறங்கவேண்டியதுதான். ஆகவே சிறுவனின் வினா, கிளைடர் ஓட்டியின் வீட்டாருக்கு விளையாட்டு வினா அன்று.

ஸ்டீவ் ஃபாசெட் என்னும் அமெரிக்கர் 2006ஆம் ஆண்டில், துணை விமானி ஒருவருடன், கிளைடரிலேயே 15,400 மீட்டருக்கு மேல் ஏறிச் சாதனை புரிந்தவர். மறு ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், இயந்திரம் பொருந்திய சிறு விமானம் ஒன்றில் தனியே நெவாடாவிலிருந்து கிளம்பினார், திரும்பவில்லை. பெருந்தேடல் நடந்தும் பயனில்லை. 2008 அக்டோபரில்தான் விமானத்தின் சிதைவுகள் மலைக்காட்டில் அகப்பட்டன. எங்கே தேடுவது என்பதைக் காட்ட ஒரு புள்ளிகூட இல்லாமற்போனதே காரணம்.

இன்று அப்புள்ளிகளை இடுவதற்கு வழி இருக்கிறது. ஆனால் மாணவர்கள் பலரும் இங்கே இரு வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நாம் இருக்கும் இடத்தை அறிவதில்லை. அவை நேரக்குறிப்புகளை ஒலிபரப்புகின்றன, அவ்வளவே. குறைந்தது நான்கின் குறிப்புகளை வாங்கிக் கணக்கிட்டு, தன் இடத்தையும் உயரத்தையும் அறிந்துகொள்வது நம் கையிலுள்ள கருவிதான். அறிந்ததைப் பிறருக்குச் சொல்வது வேறு வேலை. அதற்குக் கைபேசிக் கோபுரம் வேண்டும். இல்லையேல், செய்தியை வாங்கிக்கொள்ளும் வேறுவகைச் செயற்கைக்கோள் வேண்டும்.

எத்தனை நேரத்திற்கு ஒரு புள்ளி என்பதிலேதான் உயிர் இருக்கிறது. பழனி மலைமீது ஒரு கிளைடர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் வழியாகப் பத்து நிமிடத்திற்கு ஒரு புள்ளி வருமானால், அதற்குள் அது 17 கிலோமீட்டர் போய்விடும். கிழக்குமேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீண்ட இம்மலைத்தொடர் முழுவதற்கும் நான்கே புள்ளிகள்! திசை தெரியாவிடில் தேடவேண்டிய வட்டம் 900 சதுர கிலோமீட்டர். கைபேசி வழியாகப் பத்து வினாடிக்கு ஒரு புள்ளி வந்தாலோ இடைவெளி 280 மீட்டர், கூப்பிடு தூரம்.

செயற்கைக்கோள் வழியில் நமக்கு வேறொரு தடையும் உண்டு. அத்தகைய தொடர்புக் கருவிகளை அரசின் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். அறியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் அகப்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. ஆகவே நம் மலைகளில் பெரும்பாலும் கைபேசிக் கோபுரத்தையே நம்பவேண்டியிருக்கிறது.

கொடைக்கானல் பண்பலை நிலையத்தை மதுரையிலும் திண்டுக்கல்லிலும் கேட்கும் நேயர்களுக்கு உயரத்தின் பெருமை தெரியும். சமவெளிக்கு மேல் 1,850 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு, இடையே குன்று மறைக்காவிடில், தொடுவானம் 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். பறப்பவரின் கைபேசியும் அவ்வாறே தொலைவிலுள்ள பல கோபுரங்களைக் காண்கிறது. மூடுபனி கண்ணைத்தான் மறைக்கும். வானொலி அலையைப் பெரிதும் தடுப்பதில்லை. ஆனால் கோபுரத்தின் அலைவாங்கிகள் நிலத்து மக்களுக்காகச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்டவை. வானத்தில் பறப்பவர் அழையா விருந்தாளி. ஆதலால் மிக உயரத்தில் தொடர்பு அறுவதும் ஒட்டுவதுமாக இருக்கும்.

இதைவிடப் பெரிய இடர்ப்பாடு இறங்கும்போது வருகிறது. ஒரு முகட்டின் பின்புறம், சோலைக்காட்டுப் பள்ளம் ஒன்றில் இறங்கியவருக்கும் கோபுரத்திற்கும் நடுவே மலையே நிற்கிறது. உதவி தேவைப்படாத உயரத்தில் எளிதாகக் கிட்டிய தொடர்பு, கால் முறிந்து கிடக்கும் வேளையில் கிட்டுவதில்லை. கருவி அங்கிருந்து அலறியும் பயன் இல்லை. பள்ளத்தில் மறைவதற்குமுன் அது கடைசியாக அனுப்பிய புள்ளியும், அப்போதைய உயரமும், சென்ற திசையுமே துணை. மறைந்தபின் எவ்வளவு தூரம் சறுக்கியிருக்கக்கூடும் என்பதை அந்த உயரத்திலிருந்து கணக்கிட்டுவிடலாம்.

ஆனால் திரையில் நின்றுபோன புள்ளி தானாகப் பேசாது. வயலில் சுகமாக இறங்கி ஊராரோடு தேநீர் அருந்திக்கொண்டிருக்கலாம், மின்கலம் தீர்ந்திருக்கலாம், விழுந்தும் இருக்கலாம். மூன்றும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். அதனால் பறக்குமுன்பே, தரையில் திரையைப் பார்த்திருக்க ஒருவரை அமர்த்தி, அவரோடு பேசிவைத்துக்கொள்வது நல்லது. இறங்கியவர் “நலம்” என்று ஒரு செய்தி அனுப்பவேண்டும். தொடர்பில்லாவிடில் தொடர்புள்ள இடம்வரை நடந்துபோயாவது அனுப்பவேண்டும். குறித்த நேரம் கடந்தும் அது வராவிட்டால், தரையிலிருப்பவர் மேலும் காத்திராமல், கடைசிப் புள்ளியை எழுதிக்கொண்டு தேடுவோரை அழைக்கவேண்டும். அந்த நேரம் எவ்வளவு என்பதை மட்டும் கருவி சொல்லாது. பொழுது சாய இன்னும் எத்தனை நாழிகை என்று மேற்கே பார்த்து அவரேதான் முடிவு செய்யவேண்டும்.