காலன்கோழியா, காவல்காரனா?

பாவம், ஒரு பறவைக்கு இப்படியும் ஒரு பெயரா! கேரளத்தில் அதைக் 'காலன்கோழி' என்கிறார்கள். இரவில் 'பூ...வ்வா' என்று அது நடுங்கி இழுத்துக் கூவும்போது, "போகலாம், வா" என்று யமனே அழைப்பதாகப் பாட்டிமார் நடுங்குவார்களாம். வீட்டில் நோயாளி இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

உண்மையில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் நம் நாட்டுத் தோப்புகளில் வாழும் பொரிப்புள்ளி ஆந்தை. தன் ஜோடியை அழைக்கவும், 'இது என் இடம்' என்று அறிவிக்கவுமே அது கூவுகிறது. யமனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதை அடையாளம் கண்டுகொள்வது பிரமாதமான காரியமல்ல. முதலில் தலையைப் பாருங்கள். கொம்பு போல இரண்டு இறகுக் கொத்துகள் நிமிர்ந்து நின்றால் அது கொம்பன் ஆந்தை. நம் ஆந்தைக்கோ உருண்டைத் தலை. அடுத்தது கண். அந்தி நேரத்தில் கம்பத்தில் உட்கார்ந்து முறைக்கிறதே, அந்தச் சின்னப் புள்ளி ஆந்தைக்கு மஞ்சள் கண், இதற்குக் கரும்பழுப்பு. கூகைக்கும் கறுத்த கண்தான். ஆனால் அதன் முகம் வெள்ளை வெளேரென்று வெற்றிலை வடிவில் இருக்கும். பொரிப்புள்ளி ஆந்தையின் முகத்திலோ, குளத்தில் கல்லெறிந்தாற்போல, கறுப்பும் வெள்ளையுமாக வட்டத்துக்குள் வட்டம்! கழுத்தின் முன்புறம் வெள்ளைத் திட்டு. மார்பிலும் வயிற்றிலும் மெல்லிய குறுக்குக் கோடுகள். முதுகெல்லாம் பொரிப்பொரியாகப் புள்ளிகள். நீளம் சுமார் ஒன்றரை அடி.

பகலில் மா, புளி, ஆல் மரங்களின் அடர்ந்த இலைகளுக்குள் பெரும்பாலும் ஜோடியாக உட்கார்ந்திருக்கும். மரப்பட்டையின் நிறமாதலால் சட்டென்று கண்ணில் படாது. இருட்டியதும் எலி வேட்டைக்குப் புறப்பட்டுவிடும். சிறகோசையே கேட்காது! எலி தின்னும் தானியத்துக்குக் கணக்குப் பார்த்தால், சம்பளமில்லாத இந்தக் காவல்காரனின் அருமை தெரியும்.

கூடு கட்டும் வழக்கம் அதற்கு இல்லை. முதிர்ந்த மரத்தின் பொந்திலேதான் இரண்டு மூன்று முட்டையிடும். தோப்பை வெட்டி மனை போட்டால், பாவம், அது எங்கே போகும்? போதாக்குறைக்கு, மாந்திரீகத்துக்கென்று ஆந்தைகளைப் பிடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஊருக்குப் போகும்போது என்றாவது இரவில் அந்தக் குரலைக் கேட்டு உங்கள் குழந்தை மிரண்டால், "எலி பிடிக்க ஆள் வந்திருக்கிறதடா கண்ணா!" என்று தட்டிக் கொடுத்துத் தூங்க வையுங்கள்.