லயத்தை விட்டுப் போகும்போது அயலையும் கொண்டு செல்லுங்கள்

மண்சரிவு அபாயம் காரணமாக உங்கள் லயத்தை விட்டு வெளியேறுமாறு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்திருக்கலாம். புதிய வீடு, காணி உறுதி, தண்ணீர், மின்சாரம் பற்றி இந்தக் கைநூலின் மற்றப் பகுதிகள் விளக்குகின்றன. இந்தப் பகுதி, எந்தப் படிவத்திலும் எழுதப்படாத உங்கள் அயலைப் பற்றியது.

லயங்கள் குடும்பங்கள் வாழ்வதற்கென்று திட்டமிட்டுக் கட்டப்பட்டவையல்ல. வேலைக்கு ஆட்களைத் தோட்டத்திலேயே வைத்திருக்கக் கட்டப்பட்டவை. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்தவர்கள் முதலில் கோப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் உழைத்தார்கள். 1900களின் தொடக்கத்தில் யட்டியாந்தோட்டை, தெஹியோவிற்றப் பக்கம் இறப்பர் பரவியபோது பால் வெட்டவும் ஆட்கள் வந்தார்கள். ஒரே ஊரார், ஒரே உறவினர் பல இடங்களில் அடுத்தடுத்த காம்பராக்களில் குடியேறினார்கள்.

அந்தப் பத்தடிக் காம்பராக்களில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஒழுகும் தகரத்தின் கீழ் படுத்தவர்களுக்கு அப்படிக் கேட்க உரிமையும் உண்டு. ஆனால் விடியுமுன் பால் வெட்டப் போகும் தாய் பிள்ளையை விட்டுப் போவது பக்கத்துக் காம்பராவில்தான். சாவு வீட்டுக்கு முதலில் தேநீர் வருவதும் அங்கிருந்துதான். மாசியில் காமன் கம்பம் ஊன்றினால் தப்படிக்க ஒரு லயம், ரதிக்கும் மன்மதனுக்கும் வேடம் கட்ட இன்னொரு லயம் என்று ஆட்கள் சேர வேண்டும். குடும்பங்கள் சிதறினால் கூத்து நின்றுவிடும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இதற்கு இன்னும் கனம் அதிகம். நுவரெலியாவைப் போல் தோட்டத்தை அடுத்துத் தோட்டம் இங்கே இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு இடையில் தோட்டங்கள் தனித்தனியாகக் கிடக்கின்றன. இருபது குடும்பங்கள் வேறு திசைக்குப் போனால் ஒரு சிறிய தமிழ்ப் பாடசாலையின் வகுப்பே காலியாகிவிடலாம்.

சிதறியதன் அனுபவமும் நமக்கு உண்டு. 1977, 1981 வன்செயல்களின்போது இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து உடுத்த உடையோடு வெளியேறிய குடும்பங்களில் பல, வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறின. 2016 மே 17 அன்று, அரநாயக்க மலை சரிந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்தின் லயக் காம்பராக்களும் மண்ணுக்குள் போயின. அப்போதெல்லாம் யார் யாரோடு போவது என்று பேச நேரம் இருக்கவில்லை.

இப்போது உங்களுக்கு நேரம் இருக்கிறது. வீடுகள் குலுக்கல் மூலம் ஒதுக்கப்படுவதாக இருந்தால், ஒவ்வொரு குடும்பமாக அல்லாமல் நான்கைந்து குடும்பங்களைக் குழுவாகச் சேர்த்துக் குலுக்குமாறு, பட்டியல் முடிவாகும் முன்பே பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பழைய மாரியம்மன் கோவில் தோட்டக் காணிக்குள்ளேயே இருந்துவிடுமானால், அங்கே போய்வரும் பாதைக்கான அனுமதியைத் தோட்ட நிர்வாகத்திடம் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள்; வாய்ப்பேச்சு அடுத்த துரை வரும்வரைதான். புதிய வீட்டுக்கு இலக்கம் கிடைத்தவுடன் கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்பிலும் மாற்றிவிடுங்கள். அதன் பிறகு உங்கள் கடிதம் தோட்ட அலுவலகத்தில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.