பொருத்துக்கூலி யார் தலையில்?

சுவரை அடைத்து நிற்கும் டெலிவிஷன்களும், அவற்றுடன் சேரும் ஆம்பிளிபையர், ஸ்பீக்கர் வகைகளும், வீட்டுக்குள்ளேயே சினிமாக் கொட்டகை அமைத்துக் கொள்ள உதவும் புரொஜெக்டர்களும் நமது பட்டணங்களில் அமோகமாக விற்பனையாகி வருகின்றன. இவற்றை விற்கும் வியாபாரிகள், வீட்டில் கொண்டுவந்து பொருத்திக் கொடுப்பதற்குத் தனியாகக் கூலி கேட்கலாமா, கூடாதா என்பது வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடையே ஓயாத தகராறாக இருந்து வருகிறது. லட்சக்கணக்கில் செலவழிக்கக் கூடிய தனவந்தர்களின் சச்சரவுதானே, தேச விஷயங்களில் ஈடுபட்டவர்களுக்கு இதில் என்ன சிரத்தை என்று நமது நேயர்களில் சிலர் கேட்கக் கூடும். அவர்கள் சற்றுப் பொறுமையுடன் வாசிக்கும்படி கேட்டுக் கொள்கிறோம். ஏனெனில் இந்தத் தகராறின் மத்தியில், இரு கட்சியாராலும் பிரஸ்தாபிக்கப்படாமல், ஏணியின் மேல் ஒரு தொழிலாளி நின்று கொண்டிருக்கிறார்.

நம் நண்பர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். அவர் 75 அங்குல டெலிவிஷன் ஒன்றும், அதற்கேற்ற ஸ்பீக்கர் செட்டு ஒன்றும் வாங்கினார். ரசீதில் ‘இலவசமாகப் பொருத்தித் தரப்படும்’ என்று அச்சிட்டிருந்தது. மூன்றாம் நாள் இரண்டு வாலிபர்கள் வந்தார்கள். பெட்டியைப் பிரித்ததும் கணக்கு ஆரம்பமாயிற்று. சுவரில் மாட்டும் பிராக்கெட் தனி; ஒயர் தனி; சுவரில் துளை போடுவது தனி; ஸ்பீக்கர்களை மூலைக்கு மூலை நிறுத்தி ஒயர் இழுப்பது எங்கள் வேலையே அல்ல என்றார்கள். நண்பருக்குக் கோபம் பொங்கிற்று. “இலவசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்து கொள்ளையடிக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டார். மூத்தவர் சாந்தமாகப் பதில் சொன்னாராம்: “ஐயா, எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். பெட்ரோல் எங்கள் செலவு. இந்தப் பிராக்கெட் விற்றால்தான் எங்களுக்கு நாலு காசு நிற்கும்.” நண்பரின் கோபம் அத்துடன் அடங்கிற்று, ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் எது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. நமக்கு விளங்குகிறது.

வியாபாரிகளின் கட்சியை முதலில் கவனிப்போம். முற்காலத்தில் உயர்ந்த ரக சாமான்களில் லாபம் தாராளமாக இருந்தது; ஆகையால் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பொருத்திக் கொடுப்பதை விலைக்குள்ளேயே அடக்கிக் கொண்டோம்; இப்பொழுது இன்டர்நெட் மூலம் விற்கும் பெரிய ஸ்தாபனங்கள் விலையை அறுத்துவிட்டன; அந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஓராளின் ஒருநாள் வேலையையும் எப்படித் தானமாகக் கொடுப்பது? இதுவே அவர்களுடைய வாதம். இதில் உண்மை இருக்கிறது. கடையின் குளிர்ந்த அறையில் சோபாவில் சாய்ந்து, இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு, கைத்தொலைபேசியில் விலை பார்த்து, நூறு ரூபாய் குறைவு என்று வேறிடத்தில் ஆர்டர் செய்துவிட்டு, பிறகு அதே கடைக்காரரை அழைத்துப் பொருத்தித் தரச் சொல்லும் கனவான்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இரட்டைக் கூலி வாங்கினாலும் நாம் குறுக்கே நிற்க மாட்டோம்.

பொருத்திக் கொடுப்பது என்றால் என்ன வேலை என்பதை அநேகர் அறியார். ஆணி அடித்து மாட்டுவதுதானே என்று நினைக்கிறார்கள். 75 அங்குல டெலிவிஷன் சுமார் 30 கிலோ இருக்கும். அதைத் தாங்க வேண்டிய சுவர் செங்கல் சுவரா, இக்காலத்துக் கட்டடங்களில் வைக்கும் லேசான ஏ.ஏ.சி. கல்லா, வெறும் ஜிப்சம் பலகைத் தடுப்பா என்பதைத் தட்டிப் பார்த்தே தெரிந்து கொள்ள வேண்டும். செங்கல்லில் பிடிக்கும் சாதாரண பிளக்கு, லேசான கல்லில் நாளடைவில் இளகிவிடும். சுவருக்குள் மின்சார ஒயர் எங்கே ஓடுகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே ஏறுகிறது என்று விசாரிக்காமல் துளை போட்டால் வீட்டுக்காரருக்கும் ஆபத்து, துளை போடுபவருக்கும் ஆபத்து. மூன்று துளையுள்ள பிளக்கு இருந்தும் மூன்றாவது துளையில் எர்த்து இணைப்பே இல்லாத வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ! அதைச் சோதிக்காமல் ஆம்பிளிபையரை மாட்டினால் ஓயாமல் ‘ஹம்’ என்ற ரீங்காரம் கேட்கும். இடி இடிக்கும் நாளில் கேட்பதற்கு ஆம்பிளிபையரே மிஞ்சாமலும் போகலாம்.

ஸ்பீக்கர்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் கேட்பவருக்கு நேர் எதிரிலிருந்து இடமும் வலமும் 30 டிகிரி விலகியிருக்க வேண்டும், பக்கத்து ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்று சர்வதேச ஒலிபரப்பு விதிகளில் கணக்கிருக்கிறது. நமது வீட்டுக் கூடங்களிலோ ஒரு பக்கம் பூஜையறைக் கதவு, மறுபக்கம் பால்கனி. சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் ஒரே ஒரு ஸ்பீக்கரில் மாறிப்போனால் போதும். மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலிந்து காணாமற் போய்விடும். லட்சம் ரூபாய் செட்டு பத்தாயிரம் ரூபாய் செட்டைப் போல் கத்தும். இக்காலத்து ரிஸீவர்கள் மைக்ரோபோன் வைத்துத் தாமே ஒலியைச் சரிசெய்து கொள்ளுகின்றன என்பது வாஸ்தவமே. ஆனால் தவறான மூலையில் நிற்கும் ஸ்பீக்கரை எந்த ரிஸீவரும் தூக்கி நகர்த்துவதில்லை. சிமிட்டிச் சுவரும் கிரானைட் தரையுமாக எதிரொலிக்கும் கூடத்துக்கு ஒரு பவானி ஜமக்காளத்தை விரிக்கச் சொல்லும் மெக்கானிக்கு, ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஒயரை விற்பவரைவிட அதிக உபகாரம் செய்கிறார். ஆனால் ஜமக்காளம் விரிக்கச் சொல்லுவதற்கு அவருக்குக் கமிஷன் இல்லை.

இசைத்தட்டு மோகம் மீண்டும் தலையெடுத்திருக்கிறது. தட்டின் மேல் ஊசி அழுத்தும் பாரம் பலவகை ஊசிகளுக்கு ஒன்றரை கிராமிலிருந்து இரண்டு கிராம் வரைதான். அதிலே கால் கிராம் பிசகுவதும் ஒரு பிசகே. பாரம் மிகக் குறைந்தால் தட்டுக்குச் சேதமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் துள்ளும் ஊசிதான் பள்ளத்தின் சுவரைச் சிதைக்கிறது. புரொஜெக்டருக்கும் இப்படியே அளவுண்டு. 100 அங்குலத் திரையின் அகலம் சுமார் 2.2 மீட்டர், திரை அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் கேட்கும் லென்ஸானால் 11 அடி தள்ளி மாட்ட வேண்டும். கூரையில் துளை போட்ட பிறகு இந்தக் கணக்கைப் போடுபவர்களும் உண்டு.

இவ்வளவும் வித்தை. வித்தைக்குக் கூலி உண்டு. பட்டறையில் பத்து வருஷம் கற்றுக் கொண்டதை ஒருவர் நம் வீட்டில் வந்து அரை நாளில் செய்து முடித்தால், அரை நாள்தானே என்று கூலியைக் குறைப்பது அநியாயம். இலவசமாகச் செய் என்பதோ அதைவிடப் பெரிய அநியாயம். கைத்தொழிலின் கௌரவத்தைப் பற்றிக் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசும் நம்மவர்கள், தச்சரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் பேரம் பேசுகிற அழகை நாம் பார்த்துத்தான் இருக்கிறோம்.

அப்படியானால் வியாபாரிகளின் கட்சியே வென்றது என்று கொள்ள வேண்டாம். அவர்களை நாம் கேட்கும் கேள்வி வேறு. கூலி வேண்டுமானால் கேளுங்கள். ‘இலவசம்’ என்று ஏன் எழுதினீர்கள்? 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமற்ற வியாபார முறை இன்னதென்று விளக்கும் இடத்தில், மொத்தக் கிரயத்துக்குள் முழுவதுமோ பாதியோ அடங்கிவிட்ட ஒன்றை இலவசமாகக் கொடுப்பதுபோல் தோற்றுவிப்பதையும் சேர்த்திருக்கிறது. முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டு, கடைசியில் சொட்டுச் சொட்டாக வேறு செலவுகளைச் சேர்க்கும் தந்திரத்தையும், 2023 நவம்பரில் வெளியான மத்திய சர்க்காரின் விதிகள் பெயர் சொல்லியே கண்டித்திருக்கின்றன. அவ்விதிகள் இன்டர்நெட் வியாபாரத்தை உத்தேசித்து எழுந்தவை. ரிச்சித் தெருக் கடையில் நேரில் நின்று வாங்குகிறவருக்கும் அதே நியாயம் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

ஹோட்டல்காரர்கள் பில்லில் தாமாகச் சேர்த்து வந்த சேவைக் கட்டணத்தை 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு அதிகார ஸ்தாபனம் தடுத்ததையும், 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்ததையும் எடுத்துக்காட்டி, பொருத்துக்கூலியும் அப்படியே ஒழிய வேண்டும் என்று சிலர் வாதிக்கிறார்கள். இதை நாம் ஒப்புக் கொள்ள முடியாது. ஹோட்டலில் இலை போட்டுப் பரிமாறுவது சாப்பாட்டைச் சேர்ந்தது. பரிமாறாமல் சாப்பாடு இல்லை. சுவரைத் துளைத்து ஏழு ஸ்பீக்கர்களுக்கு ஒயர் இழுப்பது பெட்டியைச் சேர்ந்ததல்ல. அது வீட்டைச் சேர்ந்த வேலை. அந்தத் தீர்மானங்களிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டென்றால், கேளாமல் பில்லில் ஏற்றக் கூடாது என்பதே.

ஆகவே கோடு எங்கே கிழிப்பது? சாமானைப் பத்திரமாகக் கொண்டு வந்து, பிரித்து, அதனுடன் வந்த காலில் நிறுத்தி, மின்சாரம் கொடுத்து, படமும் சப்தமும் பழுதின்றி வருகின்றனவென்று காட்டுவது வரையில் விற்பவர் கடமை. அதற்குத் தனிக் கூலி கேட்பது, செருப்பை விற்றுவிட்டு வார் தைக்கக் காசு கேட்பது போலாகும். அதற்கு மேற்பட்ட சுவர் வேலை, கூரை வேலை, ஒயர் இழுத்தல், ஒலி அளவு பார்த்தல் முதலியவற்றுக்குக் கூலி வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். மிக உயர்ந்த ரகங்களை விற்கும் சில வியாபாரிகள் தாமே நேரில் வந்து, இரண்டு மூன்று தடவை திரும்பவும் வந்து, எல்லாவற்றையும் விலைக்குள் அடக்கிச் செய்து தருகிறார்கள். அதுவும் யோக்கியமான முறையே. அந்த விலையை மறைக்காமல் சொல்லுகிறார்கள்; அவர்களிடம் வேலை செய்பவருக்கு மாதச் சம்பளமும் கிடைக்கிறது. நாம் ஆட்சேபிப்பது மூன்றாவது முறையை. வாங்குபவரிடம் இலவசம் என்று சொல்லி, தொழிலாளியிடம் ‘வீட்டுக்காரரிடம் தேற்றிக் கொள்’ என்று ஜாடை காட்டி, நடுவில் தாம் மட்டும் நல்ல பெயருடன் ஒதுங்கிக் கொள்ளும் முறை அது. பொருத்துக்கூலியை அங்கே கடைக்காரர் கொடுக்கவில்லை. வாங்குபவர் பாதி கொடுக்கிறார். மீதியை ஏணியில் நிற்பவர் தம் வயிற்றிலிருந்து கொடுக்கிறார்.

தனி ரசீது போட்டால் வரி விஷயத்தில் சிக்கல் என்று சாக்குச் சொல்லப்படுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டெலிவிஷன்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பொருத்தும் வேலைக்கும் அதே 18 சதவீதந்தான். ஒன்றாகப் போட்டாலும் தனியாகப் போட்டாலும் சர்க்காருக்குச் சேருவது ஒன்றே. இந்தச் சாக்குக்கு இனி இடமில்லை.

சென்னையில் ஆல் இந்தியா ரேடியோ நிலையம் திறக்கப்பட்ட 1938-ம் வருஷத்திலும் அதன் பிறகும், வீட்டில் ரேடியோ வைப்பதென்றால் மொட்டை மாடியில் ஏரியல் கட்டி, தோட்டத்தில் குழி தோண்டி எர்த்துக் கம்பி இறக்க வேண்டியிருந்தது. மூங்கில் கழியுடன் மாடி ஏறி அதைச் செய்து கொடுத்தவர்களை அந்தத் தெருவே பெயர் சொல்லி அறிந்திருந்தது. ரேடியோ கரகரத்தால் கூப்பிட வேண்டிய ஆள் யாரென்று எல்லாருக்கும் தெரியும். இன்று நம் கூடத்தில் வந்து சுவரைத் துளைத்துவிட்டுப் போகிறவர் எந்த ஸ்தாபனத்தின் ஆள் என்பது கூடத் தெரிவதில்லை. சட்டையில் ஒரு கம்பெனியின் முத்திரை, சம்பளம் இன்னொரு கம்பெனியின் ஒப்பந்தக்காரரிடம், ரசீது மூன்றாவது பெயரில். நாளை டெலிவிஷன் கழன்று விழுந்தால் மூவரும் கை விரிப்பார்கள்.

சர்க்காரையும் வியாபாரிகளின் சங்கங்களையும் நாம் கேட்டுக் கொள்ளுவது அதிகமில்லை. கடை வாசலில் சாமானின் விலைக்குப் பக்கத்திலேயே, எந்த வேலை விலையில் அடங்கும், எந்த வேலைக்கு என்ன கூலி என்று தமிழில் எழுதிய பலகை இருக்கட்டும். பிராக்கெட்டின் விலையும் அதில் இருக்கட்டும். பணம் கட்டுமுன் வாங்குபவர் அதைப் பார்த்துக் கையெழுத்திடட்டும். வேலை செய்தவர் பெயரும் அவருக்குச் சேர்ந்த கூலியும் ரசீதில் தனி வரியாக வரட்டும். இதற்கு மாறாக ‘இலவசம்’ என்று அச்சிட்டு வீட்டில் வந்து காசு கேட்டால், நமது நேயர்கள் ஏணியில் நிற்பவருடன் சண்டை பிடிக்க வேண்டாம். அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு, ரசீதைக் கையில் வைத்துக் கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி நிலையத்தின் 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யட்டும்.