வேலைக்கு வேண்டிய இங்கிலீஷ்

ஷிப்ட் முடிந்து போகும்போது அடுத்து வருபவரிடம் இயந்திரத்தின் நிலையைச் சொல்வது, விடுப்புக்கு மின்னஞ்சல் எழுதுவது, தொலைபேசியில் வரும் புகாரைக் கேட்டுப் பதில் சொல்வது: இத்தகைய காரியங்களுக்கான ஆங்கிலமே பணியிட ஆங்கிலம். செங்கல்பட்டு மாவட்டத்தில் இதன் தேவை இடத்துக்கு இடம் மாறுகிறது. பரனூரை ஒட்டி 2002-இல் தொடங்கிய மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் மென்பொருள் அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. மாமல்லபுரத்திலோ ஓட்டல் வரவேற்பாளரும் சுற்றுலா வழிகாட்டியும் வெளிநாட்டவரோடு நேருக்கு நேர் பேசுகிறார்கள். 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற கற்சிற்பங்களை விற்பவர் சிலையின் எடை, கப்பலில் ஏற்றும் நாள், உடைந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் மின்னஞ்சலில் தெளிவாக எழுதியாக வேண்டும். ஆகவே படிப்பைத் தேடுமுன், வேலையில் ஒரு வாரத்துக்குள் ஆங்கிலம் தேவைப்பட்ட இடங்களைத் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. பட்டியல் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். பயம் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

தமிழர்கள் சறுக்கும் இடம் இலக்கணம் மட்டும் அல்ல. தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. ‘அனுப்பு’ என்பதை ‘அனுப்புங்க’ என்று ஆக்க ஒரு விகுதி போதும். ஆங்கில வினைக்கு அந்த விகுதி கிடையாது. ‘ரிப்போர்ட்டை அனுப்புங்க சார்’ என்று பணிவாக நினைத்து ‘சார், சென்ட் தி ரிப்போர்ட்’ என்று எழுதினால், படிப்பவருக்கு அது அதட்டலாகத் தெரியும். அந்தப் பணிவை ஆங்கிலம் வாக்கியத்தின் தலையில் வைக்கிறது: ‘குட் யூ சென்ட்’ என்று கேள்வியாகக் கேட்கிறது. அதேபோல, நாம் வேறு, நாங்கள் வேறு என்று தமிழ் பிரித்துச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஒரே ‘வீ’தான். ‘வீ வில் செக்’ என்று எழுதும்போது சரிபார்க்கப் போவது எந்தத் தரப்பு என்பதைத் தனியே சொல்ல வேண்டும். கேள்வி கேட்பதற்கு நம்மூரில் புழங்கும் ‘டவுட்’, வெளிநாட்டவர் காதில் அவநம்பிக்கையாக விழக்கூடும். ஒரு படிப்பு தரமானதா என்று பார்க்க, இப்படிப்பட்ட நுட்பங்களைத் தொடுகிறதா என்று பார்த்தாலே போதும்.

வேலையைச் செய்யவைத்து மொழியைக் கற்பிக்கும் முறைக்குத் தென்னிந்தியாவிலேயே வேர் உண்டு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பள்ளி வகுப்புகளில் அதைச் சோதித்துப் பார்த்தார். இலக்கண விதிகளைச் சொல்லித் தராமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுவது போன்ற கணக்குகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். கவனம் விடையில் இருக்க, மொழி உடன் வந்து சேரும் என்பது அவர் கருத்து. ‘பெங்களூரு திட்டம்’ என்ற பெயரில் உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். இந்த மண்ணில் விளைந்த இந்த அறிவு இங்குள்ள தொழிலாளிக்கு இன்னும் அதிகமாகப் போய்ச் சேர வேண்டும்.

இணையத்தில் இலவசமாகப் படிக்க வழிகள் உள்ளன. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் என்பிடெல், மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் ஆகிய தளங்களில் ஆங்கிலம், மென்திறன் குறித்த பாடங்கள் கிடைக்கின்றன. என்பிடெல்லில் வாராவாரம் காணொளியும் பயிற்சித்தாளும் வரும். பாடத்துக்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் பணம் கட்டித் தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 முதல் இருக்கிறது.

காணொளி காதைப் பழக்கும், வாயைப் பழக்காது. உச்சரிப்பைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்வதும் உதவாது. ‘பேக்’ என்று எழுதினால் அது கையில் தூக்கும் பையா, சாமானைக் கட்டுவதா என்று தெரியாது. ஆங்கிலத்தில் அவை முதலெழுத்திலும் கடைசி எழுத்திலும் வேறுபடும் இரு சொற்கள். பாடத்தில் கேட்ட உரையாடலைக் கைப்பேசியில் தன் குரலில் பதிவு செய்து, மூலத்தோடு ஒப்பிட்டுக் கேட்பது இதற்கு நல்ல வழி. அதே ஓட்டலில், அதே பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் வாடிக்கையாளராக எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் இன்னும் நல்லது. அவருக்குத்தான் அங்கே உண்மையில் என்ன கேட்பார்கள் என்று தெரியும்.