நடுவழியில் நிற்கும் வீடு

கேரவன் பயணம் பெங்களூர்க்காரர்களின் புதிய மோகம். ஆனால் வண்டி மக்கர் செய்தால், நிற்பது வண்டி மட்டுமல்ல. சமையலறையும் படுக்கையறையும் கூடவே நிற்கின்றன.

வெள்ளிக்கிழமை மாலை எலெக்ட்ரானிக் சிட்டியின் கம்பெனி வாசல்களில் இரண்டு வகைக் கூட்டம். ஒன்று வீட்டுக்குப் போகத் துடிப்பது. இன்னொன்று ஊரைவிட்டே ஓடத் துடிப்பது. இரண்டாவது கூட்டத்தில் சிலர் இப்போது வாடகைக் கேரவனைப் பிடிக்கிறார்கள். நேற்றுவரை கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு அது குடும்பங்களின் கனவாகவும் ஆகியிருக்கிறது.

கனவுக்கு முதல் சோதனை வாசலிலேயே காத்திருக்கிறது. 2010இல் திறக்கப்பட்ட, சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள ஓசூர் சாலை மேம்பாலத்தில் வண்டி நின்றுவிட்டால் ஒதுங்க இடம் கிடைப்பது கடினம். 2021 செப்டம்பரில் அங்கே வண்டிகள் ஒதுங்குவதற்கென்றே இருந்த இடத்தில் பைக்கை நிறுத்தி நின்றிருந்த இருவர், வேகமாக வந்த கார் மோதியதில் பாலத்திலிருந்து கீழே விழுந்து இறந்தார்கள். பழுதைவிடப் பழுதைப் பார்க்க இறங்கி நிற்பதே ஆபத்து என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. எச்சரிக்கை விளக்குகளைப் போடுவது, வண்டிக்குப் பின்னால் தள்ளி முக்கோணப் பலகையை வைப்பது, எல்லோரையும் தடுப்புக்கு அப்பால் அனுப்புவது, பிறகுதான் பானெட்டைத் திறப்பது. இதுதான் வரிசை. தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது. அவசரத்துக்கு 112.

ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டித் தெற்கே போனால் அடுத்த சோதனை தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாய். 2024 ஜனவரியில் இங்கே லாரி ஒன்று கட்டுப்பாடு இழந்து மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும் பழக்கம் இந்தச் சரிவில் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. கேரவனும் லாரியின் தம்பிதான். தண்ணீர்த் தொட்டி, கட்டில், குளிர்பதனப் பெட்டி, பேட்டரிகள் என்று பாரத்தைச் சுமந்தே இறங்குகிறது. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ கிட்டத்தட்ட அதே கியரில் இறங்க வேண்டும் என்பது லாரி டிரைவர்களின் பழைய பாடம். பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகல் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, தானாக ஆறவிட வேண்டும். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதும் அதே ரகத் தவறு. முகம் வெந்துவிடும்.

நைஸ் ரோடு வழியே மைசூர் பக்கம் திரும்பி ஊட்டிக்குப் போகிறவர்களுக்குப் பிரச்சினை வேறு. பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை. யானைகள் நடமாடும் காட்டில் வண்டியைவிட்டு இறங்கவும் அனுமதி இல்லை. மாலை ஏழு மணிக்கு அங்கே வண்டி நின்றால், குண்டலுப்பேட்டையிலிருந்தோ கூடலூரிலிருந்தோ மெக்கானிக் வந்தாக வேண்டும். அதனால்தான் இந்தப் பாதையில் வண்டியின் நலத்தைப்போலவே கடிகாரமும் முக்கியம். மதியத்துக்குள் காட்டைக் கடப்பதே புத்திசாலித்தனம். குறுக்குவழி காட்டும் செல்போன் வரைபடத்தையும் நம்ப முடியாது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு அது காட்டும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வீட்டைச் சுமந்து வரும் வண்டிக்கு ஏற்ற பாதையல்ல.

பல தொல்லைகள் சின்னவைதான். இரவு முழுக்க விளக்கும் விசிறியும் ஓடினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டு உபயோகத்துக்கு வேறு பேட்டரி என்று பிரித்திருக்கிறார்களா என்பதை வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அதிகம் ஓடாத கேரவனில் டயரின் பட்டன் தேயாமல் இருக்கும், ரப்பர் மட்டும் கிழடாகியிருக்கும். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரித்த வாரம், கடைசி இரண்டு ஆண்டு. ஸ்டெப்னி இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கனத்தைத் தூக்கும் ஜாக்கியும் இருக்க வேண்டும். வண்டியின் உயரத்தை எழுதி டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டிவைத்தால், தாழ்ந்த கிளையிலோ பெட்ரோல் பங்க் கூரையிலோ ஏ.சி.யைப் பறிகொடுக்காமல் தப்பலாம்.

ஆனால் உயிரைக் கேட்கும் பழுது சத்தமே போடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியிருந்தார்கள். கள்ளிக்கோட்டை தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அதே வண்டியில் சோதித்துப் பார்த்தபோது, ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு தளத்தில் இருந்த ஓட்டை வழியே உள்ளே புகுந்தது தெரிந்தது. வாடையோ நிறமோ இல்லாத வாயு இது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. தூங்குகிறவர்கள் விழிப்பதே இல்லை.

தலைவலி, குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவை இதன் முன்னறிவிப்புகள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்தால் சந்தேகமே வேண்டாம். கதவைத் திறந்து உடனே வெளியேற வேண்டும். ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரக் கருவி இல்லாத வண்டியை வேண்டாம் என்று சொல்லலாம். சமையல் காஸ் விஷயம் வேறு. அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கீழ்க்கதவுகளைத் திறந்துவிட வேண்டும்.

வாடகைக் கேரவனைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் மெத்தையை அழுத்திப் பார்க்கிறார்கள், பிறகு டி.வி.யைப் போட்டுப் பார்க்கிறார்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து வண்டியின் அடித்தளத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு. வடகரையில் மரணம் வந்தது அந்த வழியாகத்தான்.