உங்களுக்குத் தெரியுமா? ‘போட்டி’ பகை அல்ல!

நாளிதழில் ‘தொழில் போட்டி காரணமாக’ என்று செய்தி தொடங்கினால், அடுத்து அரிவாளோ தீவைப்போ வரும் என்று மனம் தயாராகிவிடுகிறது. பாவம், சொல்லின் மேல் ஏறிய பழி அது. தெலுங்கின் ‘போட்டீ’, கன்னடத்தின் ‘பைபோட்டி’ ஆகிய உறவுச் சொற்களும், தமிழ்ச் சொல்லைப் போலவே, முந்த முயல்வதையே குறிக்கின்றன. கோலப்போட்டியில் வென்றவரைப் பகையாளி என்பாரில்லை.

கடற்கரை ஊரான கடப்பாக்கத்தில் இதை மறுப்பவர் இருக்கலாம்: அருகே இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை வணிகப் போட்டிக்குப் பலியானதுதானே? 1750இல் அது பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயிடம் வந்தது. 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்தனர். உண்மைதான். ஆனால் அங்கே மோதியவை விலையும் தரமும் அல்ல, பீரங்கிகள். எதிராளியே இருக்கக் கூடாது என்று நினைப்பது ஏகபோக ஆசை. போட்டிக்கோ எதிராளி இருந்தே ஆக வேண்டும், ஒற்றை ஆளாய் ஓடி யாரை முந்துவது? இந்தியச் சட்டமும் அந்தப் பொருளில்தான் இச்சொல்லை ஆள்கிறது. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி, வியாபாரிகள் போட்டி போடுவதில் தவறில்லை. போட்டியைக் கைவிட்டுத் தங்களுக்குள் கூடிப் பேசி விலையை நிர்ணயித்தால் அபராதம் விதிக்கப்படலாம்.