உறியில் ஏறிய விருந்து

‘உறி’ என்ற சொல்லை இன்றைய மாணவர்களுக்குப் பொருள் விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டு வளையிலிருந்து நார்க்கயிற்றாற் பின்னித் தொங்கவிட்ட அந்தத் தொங்கலிலே பாலும் தயிரும் நெய்யும் தத்தம் சட்டிகளோடு அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். பூனைக்கும் எறும்புக்கும் குழந்தைக்கும் எட்டாத உயரமே அதற்கு வேண்டுவது. உணவு மேலே; உண்பவர் கீழே. கண்ணனுடைய வெண்ணெய்க் களவு முழுவதும் இந்த ஓர் இடைவெளியை நம்பியே நடைபெறுகிறது. உண்பவரையும் உணவோடு சேர்த்து உறியில் ஏற்றினால் என்ன என்று அக்காலத்தில் எவரும் கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால், வீட்டுக் கிழவி அவருக்கு நல்ல விடை கொடுத்திருப்பாள்.

2006ஆம் ஆண்டிலே பெல்ஜிய நாட்டவர் சிலருக்கு அந்தக் கேள்வி தோன்றிற்று. அவர்கள் தொடங்கிய புதுமைக்கு ‘டின்னர் இன் த ஸ்கை’ என்று பெயர். ‘வானத்தில் இராவிருந்து’ என நாம் சொல்லிக்கொள்ளலாம். பாரிய சுமைகளைத் தூக்கும் பெரிய பாரந்தூக்கி ஒன்று. அதன் கொக்கியிலே உருக்கு வடங்களாற் பிணித்த ஒரு மேடை. மேடையின் நடுவில், சமையற்காரரும் பரிமாறுவோரும் நிற்பதற்கென ஒடுக்கமான ஓர் இடம். அதனைச் சூழ மேசை. மேசையைச் சூழ 22 ஆசனங்கள். அவ்வாசனங்களின் கீழே தரை கிடையாது. பாதத்தை வைத்துக்கொள்ள ஒரு சிறிய தாங்கி உண்டு. அதற்கும் அப்பால் வெறும் வெளி. மோட்டார்ப் பந்தயத்தில் வண்டி ஓட்டுபவரைக் கட்டுவதுபோல விருந்தினரைத் தோளிலும் இடையிலும் வார்ப்பட்டிகளாற் கட்டிவிடுகிறார்கள். பின்னர் பாரந்தூக்கி, மேசை கிண்ணம் மனிதர் அனைத்தையும் ஒரு சேர 50 மீற்றர் வரை உயர்த்திவிடுகிறது. ஏறக்குறையப் பதினாறு மாடிக் கட்டடமொன்றின் உயரம் அது. பிரசல்ஸ் நகரிலே தோன்றிய இவ்வேடிக்கை லாஸ் வேகாஸ், துபாய் எனப் பணம் புழங்கும் நகரங்கள் பலவற்றுக்கும் சென்றது.

மேலே ஒருவர் கைநழுவ விட்ட கரண்டி மூன்று விநாடிக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் நிலத்தை அடையும். காற்றின் தடையைக் கணக்கில் எடாவிட்டால், அப்போது அதன் வேகம் மணிக்கு 110 கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும். பௌதிகம் பயிலும் மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். மேசைக்கு நேர்கீழே மனித நடமாட்டம் இருத்தல் ஆகாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. காற்றுப் பலமாக வீசினால் விருந்து இல்லை. விருந்தினர் ஒருவருக்கு இயற்கையின் அழைப்பு வந்துவிட்டாலோ, மேசை முழுவதும் கீழிறங்கவேண்டும். ஒருவருடைய தேவைக்காக இருபத்திருவரும் இறங்கி ஏறவேண்டும். யாழ்ப்பாணத்தார் ‘அந்தரம்’ என்ற சொல்லை ஆகாயவெளிக்கும் வழங்குவர், அவசரத் தவிப்புக்கும் வழங்குவர். இரு பொருளும் ஒரே வேளையிற் பொருந்தும் இடம் இதைவிட வேறொன்று இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

நான் அம்மேசையில் அமர்ந்தவனல்லன். அமரும் ஆசையும் எனக்கில்லை. கையிற் காசு மிகுந்தவர் தம் பயத்தை விலைகொடுத்து வாங்கிக் கறியோடு சேர்த்து உண்கிறார்கள் என்று சொல்லி இதனை ஒதுக்கிவிடுவதும் எளிது. திரிசங்குவாவது சுவர்க்கம் வேண்டி அந்தரத்தில் தொங்கினான். இவர்கள் வேண்டுவது ஒரு தட்டு மீன். ஆயினும், உயரத்திலிருந்து உண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தபோது, இவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாத ஒன்றை நான் கண்டேன். ஒரு மாநகரத்துக்கு மேலே முதன்முதல் சோற்றுப் பெட்டியைத் திறந்தவர்கள் செல்வர் அல்லர். கூலி வேலைக்காரர்.

பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1887இல் அதன் வேலை தொடங்கிற்று. முதலாவது தளம் நிலத்திலிருந்து 57 மீற்றர் உயரம். அதாவது, பெல்ஜியரின் தொங்கு மேசை இன்று எட்டும் உயரத்தைவிடச் சற்றே கூட. கோபுரம் அத்தளத்தைத் தாண்டி வளர்ந்தபோது ஒரு சங்கடம் எழுந்தது. மதிய உணவுக்காக வேலையாட்கள் கீழே இறங்கி மீண்டும் ஏறுவதென்றால் வேலை நேரத்தில் ஒரு நல்ல பங்கு படிகளிலேயே கழிந்துவிடும். ஈபெல் கணக்கறிந்த எந்திரி. முதலாவது தளத்திலேயே தொழிலாளருக்கென ஓர் உணவுச்சாலை அமைத்துக் கொடுத்தார். இது கருணையா, காலச் சிக்கனமா என்று வாதிடலாம். 1888 செப்டெம்பரிலே அத்தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர் என்பதை நினைத்தால், உயரத்திலே கிடைத்த சூப்பு மட்டும் அவர்களுக்குப் போதுமானதாக இருக்கவில்லை என்று தெரிகிறது.

அடுத்த ஆண்டு, 1889இல், உலகக் கண்காட்சி திறந்தது. தொழிலாளர் உண்ட அதே தளத்தில் இப்போது நான்கு பெரிய உணவுச்சாலைகள் எழுந்து நின்றன: பிரெஞ்சு முறையில் ஒன்று, ருசிய முறையில் ஒன்று, பிளெமிஷ் முறையில் ஒன்று, ஆங்கில அமெரிக்க முறையில் ஒன்று. ஆணி அறைந்தவன் சட்டியை நக்கிய இடத்தில் பட்டுடுத்த சீமாட்டி கிண்ணத்தை உயர்த்தினாள். இடையிற் கழிந்தது ஓராண்டுகூட இல்லை. கோபுரத்தை எதிர்த்து 1887இல் கலைஞரும் எழுத்தாளரும் விடுத்த கண்டனத்தில் மாப்பசானும் கையொப்பமிட்டிருந்தார். பின்னாளில் அவர் கோபுரத்தின் உணவுச்சாலைக்கே சென்று உண்பாராம்; காரணம் கேட்டவரிடம், பாரிஸிலே இந்தக் கோபுரம் கண்ணிற் படாத இடம் இது ஒன்றுதான் என்பாராம். மெய்யோ பொய்யோ, கதை நன்றாகவே இருக்கிறது. ஆனால், அத்தளத்தில் முதலில் உண்டவர்களைப் பற்றி இப்படி ஒரு கதைதானும் வழங்கவில்லை.

அவர்களுக்கு முகம் கிடைத்தது நாற்பத்துமூன்று ஆண்டுகளின் பின், வேறொரு கண்டத்திலே. நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிலையத்தில் எழுபது மாடிக் கட்டடம் ஒன்று எழுந்துகொண்டிருந்த காலம். 1932 செப்டெம்பர் 20ஆந் திகதி, பதினொரு தொழிலாளர் ஓர் உருக்கு உத்திரத்தின்மேல் வரிசையாக அமர்ந்து மதிய உணவு உண்ணும் காட்சி படம் பிடிக்கப்பட்டது. வீதியிலிருந்து ஏறத்தாழ 260 மீற்றர் உயரம். கால்கள் வெளியிலே தொங்குகின்றன. இடுப்பிலே கயிறு இல்லை. இடது ஓரத்திலிருப்பவர் அயலவருக்குச் சிகரெட்டுப் பற்றவைக்க நெருப்புக் கொடுக்கிறார். மடிகளிலே உணவுப் பெட்டிகள். வலது ஓரத்து மனிதர் ஒருவரே, கையிற் போத்தலோடு, நம்மை நேராகப் பார்க்கிறார். பின்னாலே நகரம் புகைமூட்டத்துள் கிடக்கிறது. அவ்வாண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி ‘நியூயோர்க் ஹெரால்ட் திரிபியூன்’ பத்திரிகையின் ஞாயிறு அநுபந்தத்தில் அப்படம் வெளிவந்தது.

இப்படத்தை வியப்பவர் பலர். அதனை ஒரு பொய் என்று சொல்லி மகிழ்பவரும் உளர். கட்டடத்தை விளம்பரஞ் செய்வதற்காக ஒழுங்குபண்ணி எடுத்த படம் அது என்பது மெய்யே. அன்றைய தினம் அங்கு ஒன்றுக்கு மேற்பட்ட படப்பிடிப்பாளர் இருந்தனர். அவருள் எவர் இதனை எடுத்தார் என்பதே இன்றுவரை முடிவாகவில்லை. தொழிலாளர் உத்திரத்தில் படுத்துறங்குவதுபோலவும் வேறு படங்கள் எடுக்கப்பட்டன. உறக்கத்தை நான் நம்பவில்லை. ஆனால் உணவை நம்புகிறேன். விளம்பரக்காரர் அவர்களை அங்கே அமரச் சொல்லியிருக்கலாம். அந்த உயரத்தில் அவ்வாறு அமர அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது விளம்பரம் அன்று. நாள்தோறும் அங்கேதான் அவர்களுடைய வேலை. அமெரிக்காவிலே பெருமந்தம் நிலவிய காலம் அது. அடுத்த ஆண்டில் தொழில் தேடுவோர் தொகை உழைப்பாளருள் நால்வருக்கு ஒருவர் என்ற அளவை எட்டிற்று. தலைச்சுற்று என்பது அக்காலத்தில் வேலையற்றவனுக்கும் கட்டுப்படியாகாத ஆடம்பரம்.

பதினொருவருள் இருவருடைய பெயர்கள் மாத்திரமே உறுதியாகத் தெரியவந்தன. இடமிருந்து மூன்றாமவர் ஜோசப் எக்னர். வலமிருந்து மூன்றாமவர் ஜோ கேர்ட்டிஸ். அதுவும் எண்பது ஆண்டுகள் கழித்து, 2012இல், ஐரிஷ்காரர் இப்படத்தைப் பற்றி ஒரு விவரணத் திரைப்படம் எடுக்கத் தேடியபோது, அதே காலத்து வேறு படங்களின் குறிப்புக்களோடு ஒப்பிட்டுக் கண்டவை. மற்றையோருக்கு உரிமை கொண்டாடும் குடும்பங்கள் பல நாடுகளில் உள்ளன. படத்தின் மூலக் கண்ணாடித் தகடோ ஐந்து துண்டாக உடைந்துவிட்டது.

வார்ப்பட்டியைப் பற்றி ஒரு சொல். அந்நாளில் உயரத்தில் உழைப்பவன் விழுந்தால் விழுந்ததுதான். சன்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேற் பாலம் கட்டிய ஜோசப் ஸ்திராஸ் பாலத்தின் கீழே பெரிய வலையொன்றை விரித்தார். அவ்வலை 19 உயிர்களைக் காத்தது. விழுந்து பிழைத்தவர்கள் ‘நரகத்துக்குப் பாதிவழி சென்றோர் கழகம்’ என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். ஆனால் 1937 பெப்ருவரி 17ஆந் திகதி சாரமொன்று சரிந்து அவ்வலையையே கிழித்துக்கொண்டு வீழ்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். இன்று இரண்டு மணிநேர விருந்துக்குத் தோளோடு கட்டப்படும் வார்களிலே, அவர்கள் பெற்றுக்கொடுத்த அறிவும் பின்னப்பட்டிருக்கிறது. மேசையில் இருப்பவருக்கு அது நினைவு வரவேண்டுமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

பின்னர் உயரத்து உணவு முற்றிலும் விருந்தினருக்கே உரியதாயிற்று. லண்டன் தபாற் கோபுரத்தின் சுழலும் உணவுச்சாலை 1966இல் திறந்தது. 1971இல் அக்கோபுரத்திலே குண்டு வெடித்தது. 1980இல் உணவுச்சாலை மூடப்பட்டது. 2022இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட நமது கொழும்புத் தாமரைக் கோபுரத்திலும் சுழலும் உணவுச்சாலைக்கு இடம் வகுத்தார்கள். இவற்றிலெல்லாம் கண்ணாடிச் சுவர் உண்டு, கம்பளம் உண்டு, சமையற்கட்டு எங்கோ மறைவில் உண்டு. உணவு எவ்வாறு வருகிறது என்பதை உண்பவர் காண்பதில்லை. உயரம் அங்கே வெறும் காட்சி. சாளரத்தில் மாட்டிய படம்.

பெல்ஜியரின் தொங்கு மேசையை நான் முற்றாகப் பழிக்காததற்குக் காரணம் இதுவே. அங்கே மறைவிடம் இல்லை. ஐம்பது மீற்றர் உயரத்தில் சமையற்கட்டுக்குச் சுவர் எழுப்ப முடியாது. சமைப்பவருடைய கையும் முகமும் வியர்வையும் விருந்தினருக்கு ஒரு முழம் தள்ளித் தெரிகின்றன. அவரும் பாதுகாப்பு வார் அணிந்து அதே வடங்களில் தொங்குகிறார். வடம் அறுந்தால் பணம் கொடுத்தவனுக்கு ஒரு கதி, பரிமாறியவனுக்கு ஒரு கதி என்பதில்லை. மேட்டிமைக்கென்றே வகுத்த விருந்தொன்று இப்படி ஒரு சமபந்தியாக முடிந்திருப்பது விந்தையே. அதனை வகுத்தவர்கள் இதற்காக வகுத்தவர்கள் அல்லர். நிலத்திலுள்ள எத்தனையோ ஹோட்டல்களில் சமையற்காரனுடைய முகத்தை நாம் ஆயுள் முழுவதும் கண்டதில்லை.

எனினும் இங்கேயும் ஒருவர் பந்திக்கு வெளியே நிற்கிறார். பாரந்தூக்கியின் விசைகளிற் கைவைத்திருப்பவரைச் சொல்கிறேன். மேலே இருபத்திருவர் உண்டு முடிக்கும் வரை அவர் கீழே விழித்திருக்கவேண்டும். காற்றின் போக்கை அவர் பார்க்கவேண்டும். மேலிருந்து வரும் சைகைக்குக் காத்திருக்கவேண்டும். மற்ற நாட்களிலே இத்தகைய எந்திரம் கட்டடத் தளங்களில் உத்திரம் தூக்கும். இன்று ஊண் தூக்குகிறது. விருந்துக்குச் சென்று வந்தவர் காட்டும் படங்களிலே நகரம் இருக்கும், தட்டு இருக்கும், தொங்கும் கால்கள் இருக்கும். இவரை நான் ஒரு படத்திலும் கண்டதில்லை.

றொக்பெல்லர் நிலையத்தார் 2023 டிசெம்பரிலே ஒரு புதுமையைத் தொடங்கினர். அறுபத்தொன்பதாம் மாடித் தளத்தில் உருக்கு உத்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். பணம் கொடுத்தவர்களை, ஒரு முறைக்கு எழுவருக்கு மேற்படாமல், அதிலே வரிசையாக அமர்த்தி, இடுப்பிலே பட்டி கட்டி, பன்னிரண்டு அடி உயரத்துக்குத் தூக்கி, நகரத்தைப் பார்க்குமாறு திருப்பிவிடுகிறார்கள். 1932ஆம் ஆண்டின் படத்தைப் போலவே அவர்களையும் படம் பிடிக்கிறார்கள். ஓரத்து மனிதருடைய கையில் போத்தல் இல்லை. சில நிமிடங்களில் உத்திரம் கீழிறங்கிவிடும், அடுத்த எழுவர் வரிசையில் நிற்பார்கள்.